அமலும் மாமூலும்: ஓர் அரபு வேர்ச்சொல் கொங்கு நாட்டில் பெற்ற பொருள்கள்

ஆய்வுச்சுருக்கம்

‘செய்தல்’ என்னும் அடிப்படைப் பொருளைக் கொண்ட ஓர் அரபு வேரிலிருந்து பிறந்தவை அமல், அமில்தார், மாமூல் ஆகிய மூன்று சொற்கள். பாரசீகம் கலந்த வருவாய் நிர்வாகத்தின் வழியாக இவை தென்னிந்திய மொழிகளில் புகுந்தன. மைசூர் ஆட்சியின் கீழும், 1799க்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கீழும் இருந்த கொங்கு நாட்டில் இச்சொற்களின் பொருள் வெவ்வேறு திசைகளில் நகர்ந்தது. அமில்தார் வழக்கிழந்தது, அமல் அரசாணையின் வலிமையைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்தது, வழக்காற்று உரிமையைக் குறித்த மாமூல், கையூட்டைக் குறிக்கும் சொல்லாகத் தாழ்ந்தது. இந்த ஏற்ற இறக்கம், எழுதப்படாத வழக்காற்றிலிருந்து எழுதப்பட்ட சட்டத்திற்கு அதிகாரம் இடம்பெயர்ந்ததன் மொழிச்சுவடு என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமல், அமில்தார், மாமூல், வழக்காறு, கொங்கு நாடு, வருவாய் நிர்வாகம், பொருள் மாற்றம்.

முன்னுரை

தமிழில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியலாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. வக்கீல், அசல், நகல், பாக்கி, ரத்து, ஜப்தி, கிஸ்தி, பசலி, தாலுகா, ஜில்லா எனச் சொற்களை நிரல்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் மூலவடிவம் தருவது பயனுள்ள பணியே. எனினும் அப்பட்டியல் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுமே தவிர, வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. ஒரே வேரிலிருந்து பிறந்த பல சொற்களை ஒரு நிலப்பகுதியின் ஆட்சி வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் பொருள் மாற்றத்தின் காரணம் புலப்படும்.

இத்தகைய ஆய்விற்குக் கொங்கு நாடு பொருத்தமான களமாகும். மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஹைதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி எனப் பல நிர்வாக மரபுகள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அவற்றின் சொற்கள் அலுவலகத்திலும் தோட்டத்திலும் பள்ளிவாசலிலும் பத்திரப்பதிவிலும் இன்றும் வழங்குகின்றன. இக்கட்டுரை ஒரு வேரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் மூன்று கிளைகளைப் பின்தொடர்கிறது.

1. வேரும் வடிவங்களும்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து பிறக்கின்றன. வேரின் மெய்கள் மாறாமல் நிற்க, உயிரொலிகளும் முன்னொட்டுகளும் குறிப்பிட்ட வாய்பாடுகளின்படி மாறிப் புதிய சொற்களைத் தருகின்றன. ஐன், மீம், லாம் என்னும் மூன்று எழுத்துகளாலான வேர் ‘செய்தல், உழைத்தல்’ என்னும் பொருளுடையது. இதிலிருந்து ‘அமல்’ (செயல், பணி), ‘ஆமில்’ (செய்பவர்), ‘மஅமூல்’ (செய்யப்பட்டது, நடைமுறையில் உள்ளது), ‘முஆமலா’ (கொடுக்கல் வாங்கல்), ‘இஸ்திஅமால்’ (பயன்படுத்துதல்) முதலியன பிறக்கின்றன.

இவற்றுள் ஆமில் செய்வினைப் பெயர். மஅமூல் செயப்பாட்டுவினைப் பெயர். அரபு இலக்கண நூலார் இவ்விரு சொற்களையும் கலைச்சொற்களாகவே ஆண்டனர். பிறிதொரு சொல்லின் இறுதி வடிவத்தை முடிவுசெய்யும் சொல் ஆமில்; அதன் ஆளுகைக்கு உட்பட்டு உருமாறும் சொல் மஅமூல். 11ஆம் நூற்றாண்டினரான அப்துல் காஹிர் அல் ஜுர்ஜானி, நூறு ஆமில்களைத் தொகுத்துரைக்கும் ஓர் இலக்கணச் சிறுநூல் இயற்றினார். ஆள்வதும் ஆளப்படுவதும் என்னும் இந்த உறவு, பின்னர் நிர்வாகச் சொற்களாக இவை அடைந்த பொருள்களை நோக்கும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆமில் என்னும் சொல்லுக்கும் வரி வசூலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குறிப்பிடுகையில், அதனைத் திரட்டும் பணியில் ஈடுபடுவோரை இச்சொல்லின் பன்மை வடிவால் சுட்டுகிறது. தொடக்ககாலக் கலீபாக்களின் ஆட்சியில் மாகாண நிர்வாகியும் வரி அலுவலரும் ஆமில் எனப்பட்டனர். முகலாயர் ஆட்சியில் வருவாய் அலுவலர் ஆமில் என்றும் அமல்குஸார் என்றும் அழைக்கப்பட்டார். ‘உடையவர்’ என்னும் பொருளைத் தரும் பாரசீக ஈறான ‘தார்’ சேர்ந்து உருவானதே அமல்தார் அல்லது அமில்தார்.

தமிழில் இச்சொற்கள் நேரடியாக அரபிலிருந்து வராமல் பாரசீகம், தக்கினி உருது, மராத்தி, கன்னடம் ஆகியவற்றின் வழியாக வந்தமையால் ஒலிமாற்றம் அடைந்தன. தொண்டையிலிருந்து எழும் ஐன் ஒலி மறைந்தது. மஅமூல் என்பதில் அவ்வொலி மறைந்த இடத்தில் முன்னுள்ள உயிர் நீண்டு மாமூல் ஆயிற்று. அமல் என்பது பேச்சில் அமுல் எனவும் ஒலிக்கப்பட்டது. இலங்கைத் தமிழின் எழுத்து வழக்கில் அவ்வடிவமே பெருவழக்கு. மாசற்றவன் என்னும் பொருளுடைய வடமொழிச் சொல்லான அமலன் என்பதோடும், நீதிமன்ற ஊழியரைக் குறிக்கும் அமீனா என்பதோடும் இதற்குத் தொடர்பில்லை. அமீனா ‘நம்பிக்கை’ என்னும் பொருளுடைய வேறோர் அரபு வேரிலிருந்து வந்தது.

மாமூல் அமைந்துள்ள அதே வாய்பாட்டில் அமைந்து தமிழில் நிலைத்த மற்றொரு சொல் மகசூல். பெறுதலைக் குறிக்கும் வேரிலிருந்து ‘பெறப்பட்டது’ என்னும் பொருளில் பிறந்த இச்சொல், அரசுக்கு வரும் வருவாயையும் நிலத்தின் விளைச்சலையும் குறித்தது. இன்று உழவர் பேச்சில் அது விளைச்சல் மட்டுமே. வரி அலுவலரின் கணக்கேட்டுச் சொல் உழவரின் சொல்லாக மாறியதற்கு இது சான்று. ஒரே வாய்பாட்டுச் சொற்கள் இரண்டில் மகசூல் மதிப்பிழக்காமல் நிற்க, மாமூல் மட்டும் இழிபொருள் பெற்றது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

2. மைசூர் ஆட்சியும் அமில்தாரும்

17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களிடமிருந்து கொங்குப் பகுதிகள் படிப்படியாக மைசூர் உடையார்களின் கைக்குச் சென்றன. சிக்கதேவராயர் (1673–1704) காலத்தில் அவ்வாட்சி இங்கு வலுப்பெற்றது. 1761இல் ஹைதர் அலி மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1782இல் திப்பு சுல்தான் ஆட்சிக்கு வந்தார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குச் சென்றபோதும், கோயம்புத்தூர்ப் பகுதி 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழும்வரை திப்புவின் ஆட்சியிலேயே இருந்தது.

இக்காலத்தில் வட்டார அளவிலான நிர்வாகத்தின் மையமாக இருந்தவர் அமில்தார். வரி மதிப்பீடு, வசூல், சாகுபடியை விரிவுபடுத்தல், பூசல்களைத் தீர்த்தல் ஆகியவை அவர் பொறுப்பில் இருந்தன. வருவாய் அலுவலர்களுக்குத் திப்புவின் அரசு பாரசீகத்தில் விடுத்த ஒழுங்குமுறை ஆணைத் தொகுப்பு ஒன்றைப் பர்ரிஷ் கிறிஸ்ப் ஆங்கிலத்தில் பெயர்த்து 1792இல் கல்கத்தாவில் வெளியிட்டார். ஊர்தோறும் சென்று சாகுபடியைக் கண்காணிக்கவேண்டிய அலுவலராக அமில்தாரை அத்தொகுப்பு காட்டுகிறது. 1800–1801இல் மைசூர், கன்னடம், மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர்ப் பகுதியையும் பார்வையிட்டார்; 1807இல் வெளிவந்த அவருடைய பயண நூலிலும் அமில்தார்களைப் பற்றிய குறிப்புகள் பல உள்ளன.

அமில்தார் என்னும் பெயரில் அடங்கியுள்ள கருத்து கவனிக்கத்தக்கது. சொல்லமைப்பின்படி அவர் ‘செயலதிகாரம் உடையவர்’. வரி தண்டுவது அவருடைய பணிகளுள் ஒன்று. அதுவே அவருடைய பெயர் அன்று. அரசின் அமல் எதுவரை செல்லுமோ அதுவரை அவர் அரசின் உருவமாக இருந்தார்.

3. தாசில்தாரின் வருகை

1799க்குப் பின் கம்பெனி, கோயம்புத்தூர்ப் பகுதியை வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக நிர்வகித்து 1804இல் ஒரே மாவட்டமாக இணைத்தது. 1792 முதல் சேலம், பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உருவாக்கிய இரயத்துவாரி நடைமுறையின் சொற்களும் உடன் வந்தன. வட்டத்தின் தலைமை அலுவலர் தாசில்தார் ஆனார். ‘திரட்டுதல்’ என்னும் பொருளுடைய தஹ்ஸீல் என்பதோடு தார் ஈறு சேர்ந்த பெயர் அது. மகசூல் பிறந்த அதே வேரே தாசிலுக்கும் வேர்.

பதவியின் பரப்பில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும் பெயரின் பொருளில் வேறுபாடு உண்டு. அமில்தார் செயலை உடையவர். தாசில்தார் வசூலை உடையவர். ஆங்கிலேயரின் மாவட்டத் தலைவரும் ‘கலெக்டர்’, அதாவது திரட்டுபவர், என்றே அழைக்கப்பட்டமையால் இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பிற்காலத் தமிழ் இவ்விரண்டையும் ஆட்சியர், வட்டாட்சியர் எனப் பெயர்த்தபோது, வசூலை விடுத்து ஆளுதலை முன்னிறுத்தியது. தாசில்தார் என்னும் பெயரைவிட அமில்தார் என்னும் பெயருக்கே ‘வட்டாட்சியர்’ பொருளால் அணித்தாக உள்ளது.

மைசூர் அரசில் அமில்தார் என்னும் பதவிப்பெயர் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இதனால் சத்தியமங்கலத்திற்கு வடக்கேயுள்ள மலைத்தொடர் அரசியல் எல்லையாக இருந்ததோடு சொல்லெல்லையாகவும் அமைந்தது. இன்று கருநாடகத்தில் உள்ள கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. எனவே கொள்ளேகாலில் தாசில்தாரும், அதன் அண்டை வட்டமான சாமராசநகரில் அமில்தாரும் ஒரே காலத்தில் பணியாற்றினர். இரு வட்டங்களின் மக்களும் பேசிய மொழிகள் பொதுவானவை. பதவிப்பெயரைப் பிரித்தது எல்லைக்கு இருபுறமும் இருந்த ஆட்சிமுறையே.

4. மாமூல்: உரிமையின் பெயர்

அமில்தார் மறைந்தபோதும் அவர் காலத்து வழக்காறுகள் மறையவில்லை. ‘முன்பிருந்தே நடைமுறையில் உள்ளது’ என்னும் பொருளில் அவற்றைக் குறித்த சொல் மாமூல். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியம் மாமூல் என்பதற்கு வழக்காறு என்றே பொருள் தருகிறது. முன்னிகழ்வுகளுக்கு ஆங்கில வழக்கறிஞர் தரும் மதிப்பை இந்தியர் மாமூலுக்குத் தருவதாகவும் அந்நூல் ஒப்பிடுகிறது. ‘மாமூல் பிரகாரம்’ என்னும் ஆவணத்தொடர், ‘இதுவரை நடந்து வந்தபடி’ என்னும் உறுதிமொழியாகும்.

பாசனத்தில் இச்சொல் சட்ட மதிப்புப் பெற்றிருந்தது. சென்னை மாகாணத்தின் நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘மாமூல் நஞ்சை’ என்னும் வகைப்பாடு இடம்பெறுகிறது. பழங்காலந்தொட்டு நீர் பெற்றுவரும் நிலம் என்பது அதன் பொருள். 1865ஆம் ஆண்டின் சென்னைப் பாசனத் தீர்வைச் சட்டத்தின்கீழ் எந்த நிலத்திற்குத் தனி நீர்த்தீர்வை விதிக்கலாம், எதற்கு விதிக்கலாகாது என்னும் வழக்குகளில் இத்தகைய பழைய பாசன உரிமை மையப்பொருளாயிற்று. 1917இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முடிவுசெய்த உர்லாம் வழக்கு அவற்றுள் புகழ்பெற்றது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஏரிநீர்ப் பங்கீட்டு வழக்காறுகளை எழுதிவைத்த ஆவணங்கள் ‘மாமூல்நாமா’ எனப்பட்டன. ‘நாமா’ என்பது எழுத்தாவணத்தைக் குறிக்கும் பாரசீக ஈறு. வழக்காறு எழுத்து வடிவம் பெறும் நிலையை இப்பெயரே காட்டிவிடுகிறது.

கொங்கு நாட்டில் இதே கருத்து ‘பழைய ஆயக்கட்டு’ என்னும் பெயரில் வாழ்கிறது. பவானி ஆற்றில் காலிங்கராயன் கால்வாயும், கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டைக் கால்வாய்களும் பவானிசாகர் அணைக்கு மிக முற்பட்டவை. 1955இல் அணை முழுமை பெற்று கீழ்பவானித் திட்டப் பாசனம் விரிந்தபோது, பழைய கால்வாய்களின் முன்னுரிமை பேணப்படவேண்டும் என்னும் கோரிக்கைக்கு அடிப்படையாக இருந்தது முந்தைய அனுபோகமே. இது சொல்லால் வேறுபட்டாலும் கருத்தால் மாமூலே.

மாமூலின் பழம்பொருள் இன்றும் மாறாமல் விளங்கும் இடம் கொங்கு வட்டாரத்தின் கிரயப் பத்திரங்கள் ஆகும். நிலத்தை நான்கெல்லை காட்டி விவரித்தபின், ‘மாமூல் தடபாத்தியம்’, ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ போன்ற தொடர்களால் வழியுரிமை குறிக்கப்படுகிறது. தோட்டங்களுக்குள்ளேயே குடியிருக்கும் வழக்கம் மிகுந்த இப்பகுதியில், ஒருவர் தம் தோட்டத்தை அடையப் பிறர் நிலத்தின் வழியே வண்டித்தடமோ நடைத்தடமோ வேண்டும். கிணற்றில் பங்கும், முறைவைத்து நீர் இறைக்கும் உரிமையும், வாய்க்கால் வழியே நீர் கொண்டுசெல்லும் உரிமையும் இவ்வகையினவே. இவற்றுள் பல நில அளவை வரைபடத்தில் தனிக் கோடாக இடம்பெறாதவை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் தடையின்றித் துய்த்த வழியுரிமையையும் வழக்காற்று உரிமையையும் ஏற்கிறது. எனினும் துய்த்துவந்தமையை மெய்ப்பிக்கவேண்டிய பொறுப்பு உரிமை கோருபவருடையது. அந்நிலையில் பத்திரத்தில் உள்ள மாமூல் என்னும் ஒரு சொல்லே முதற்சான்றாக நிற்கிறது.

5. உரிமை குற்றமான வழி

இத்தகைய மதிப்புடைய சொல் கையூட்டின் பெயரானது எவ்வாறு? விடையைச் சொல்லின் ஒலியிலோ அரபுப் பொருளிலோ தேடிப் பயனில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஊதியம் என்னும் கருத்து அடைந்த மாற்றத்தில் அதனைத் தேடவேண்டும்.

கம்பெனி ஆட்சிக்கு முன்னும் அதன் தொடக்கத்திலும் ஊர்ப்பணியாளர் பலர் அரசிடமிருந்து மாத ஊதியம் பெறவில்லை. மணியக்காரர், கணக்கர், தலையாரி, நீர் பாய்ச்சுவோர் முதலியோர்க்கு மானிய நிலமும், களத்தில் தானியம் அளக்கும்போது மேரை, சுதந்திரம் என்னும் பங்குகளும் உரியனவாக இருந்தன. காவலுக்கும் கட்டணம் இருந்தது. பாளையக்காரர் பெற்ற தேசகாவல், தலகாவல் வரவுகள் அத்தகையன. பணிக்கு ஈடாகப் பயனாளி நேரடியாகக் கொடுத்த இப்பங்குகளின் அளவை ஊர் வழக்காறு வரையறுத்தது. கொடுப்பது கடமையாகவும் பெறுவது உரிமையாகவும் கருதப்பட்டன.

இம்முறையிலும் சுரண்டல் இல்லாமலில்லை. வழக்காறு எழுதப்படாதது ஆகையால், வலியவர் அதன் எல்லையை விரிக்க இயலும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் கலெக்டர் வில்லியம் கேரோவின் காலத்தில் கருவூலப் பொறுப்பில் இருந்த காசிச் செட்டி, அரசுப் பணத்தையும் அலுவல் செல்வாக்கையும் தம் வணிகத்திற்குப் பயன்படுத்தியது பெரும் வழக்காயிற்று. 1815–16ஆம் ஆண்டுகளில் மன்றோவும் ஜான் சல்லிவனும் அதனை விசாரித்தனர். மாகாணம் முழுவதும் வருவாய், காவல் ஊழியர் துன்புறுத்திப் பணம் பெற்றமையைச் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. வழக்கமான வரவு எங்கே முடிகிறது, கட்டாயப் பறிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய அரசிடம் அளவுகோல் இல்லை என்பதை இவை உணர்த்தின.

அரசு உருவாக்கிய அளவுகோல் எழுத்து. 1859இல் மாகாணக் காவல்துறை தனிச் சட்டத்தால் ஒழுங்கமைக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 161ஆம் பிரிவு, அரசு ஊழியர் சட்டப்படியான ஊதியம் அல்லாத பிறிதொரு பயனைத் தம் அலுவல் தொடர்பாகப் பெறுவதைக் குற்றமாக்கியது. 1864ஆம் ஆண்டின் சென்னை ஊர்த்தீர்வைச் சட்டம், ஊர்ப்பணியாளர் களத்தில் பெற்ற பங்குகளுக்கு மாற்றாகத் தீர்வை விதித்து அதிலிருந்து ஊதியம் வழங்க வழிசெய்தது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லின் திருப்பம் விளங்கும். ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வரத் தொடங்கியபின், பயனாளி நேரடியாகக் கொடுப்பது ‘சட்டப்படியான ஊதியம் அல்லாதது’ ஆகிவிட்டது. கொடுப்பவரும் பெறுபவரும் மாறவில்லை. சில இடங்களில் கொடுக்கும் காலமும் அளவும்கூட மாறவில்லை. அதனைக் குறித்த மாமூல் என்னும் பெயரும் மாறவில்லை. அதன்மீது விழுந்த சட்டத்தின் பார்வை மட்டும் மாறியது. வழக்காறு என்னும் பொருளுடைய சொல், சட்டத்திற்குப் புறம்பான வழக்காறு என்னும் பொருளைப் பெற்று, பின்னர் அப்பொருளையே முதன்மையாகக் கொண்டது. மரபுவழி ஊர் அலுவலர் பதவிகள் 1980இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டு, தேர்வுவழி நியமிக்கப்பெறும் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தபோது, மாமூலின் பழைய நிறுவன அடித்தளத்தில் எஞ்சியிருந்ததும் நீங்கியது.

பழம்பொருளின் சுவடு இழிபொருளுக்குள்ளும் தங்கியுள்ளது. இன்றைய தமிழில் லஞ்சமும் மாமூலும் ஒருபொருட் சொற்கள் அல்ல. லஞ்சம் ஒரு குறிப்பிட்ட காரியத்திற்காக ஒருமுறை கொடுப்பதாகவும் இருக்கலாம். மாமூல் காலமுறைப்படி, ஏறத்தாழ நிலையான அளவில், கேளாமலே கொடுக்கப்படுவது. மும்பைப் பகுதியில் இதே செயலைக் குறிக்கும் ‘ஹஃப்தா’, வாரம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அது கால இடைவெளியை மட்டுமே சுட்டுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றில் வழங்கும் மாமூல், அதனை ஒரு காலத்தில் முறையானதாக்கிய வழக்காற்றையும் சேர்த்துச் சுட்டுகிறது. இந்தியில் ‘மாமூலி’ என்பது சாதாரணமானது என்னும் அளவில் நின்றுவிட்டது. தற்கால அரபில் இவ்வடிவம் எதிர்த்திசையில் சென்றுள்ளது: நடைமுறையில் உள்ள சட்டங்களைக் குறிக்கும் தொடரில் அங்கு இடம்பெறும் சொல் இதே மஅமூல்.

6. அமலின் ஏற்றம்

மாமூல் தாழ்ந்த அதே காலத்தில் அமல் உயர்ந்தது. ‘அமலுக்கு வந்தது’, ‘அமலில் உள்ளது’, ‘அமல்படுத்தினர்’ என்னும் தொடர்கள் அரசாணை நடைமுறைக்கு வருவதைக் குறிக்கின்றன. மதுவிலக்கு, தடையுத்தரவு, பங்கீடு என அரசு மக்களின் அன்றாட வாழ்வில் நேரடியாகத் தலையிட்ட ஒவ்வொரு துறையிலும் இச்சொல் நிலைபெற்றது. இந்தியாவில் மதுவிலக்கு மாவட்ட அளவில் 1937 அக்டோபர் 1 அன்று முதலில் அமலுக்கு வந்தது கொங்கின் வடபகுதியான சேலம் மாவட்டத்தில்தான். இன்று அமலாக்கம் என்னும் கலப்புச்சொல்லில் அரபுப் பெயரும் தமிழ்த் தொழிற்பெயரும் இணைந்து நிற்கின்றன. மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, அமலாக்கத் துறை என நிறுவனப் பெயர்களிலும் அது இடம்பெற்றுள்ளது. அதே அமல், இராஜஸ்தானில் அபினைக் குறிக்கும் பெயராக வழங்குகிறது.

இச்சொல்லுக்குத் தமிழில் மூன்றாவதொரு வாழ்வும் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் சமய வழக்கில் அமல் என்பது மனிதர் ஆற்றும் நற்செயலையும் வணக்கத்தையும் குறிக்கும். ‘நல்லமல்’ என்னும் தொடரும் வழங்குகிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, கரூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் இராவுத்தர்களிடமும், தக்கினி உருது பேசும் முஸ்லிம்களிடமும் இப்பொருள் உயிருடன் உள்ளது. இதில் செய்பவர் தனிமனிதர்; செயலுக்குப் பொறுப்பும் அவருடையது. நிர்வாக வழக்கின் அமலில் செய்பவர் அரசு. மனிதர் அதற்கு உட்படுபவர். மூலவேரின் பொருளுக்கு அணித்தாக நிற்பது சமய வழக்கே. மலாய் மொழியிலும் அமல் என்பது அறச்செயலைக் குறிப்பதும், துருக்கியில் ‘அமெலெ’ என்பது உடலுழைப்பாளியைக் குறிப்பதும், வருவாய் நிர்வாகத்தின் வழியல்லாமல் சொல் பரவிய இடங்களில் அதன் பொருள் எவ்வாறு வேறுபடும் என்பதற்குச் சான்றுகள்.

ஊழல் தடுப்புச் செய்திகளில் அமலாக்கமும் மாமூலும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். ஒரு வேரின் இரு கிளைகள் சட்டத்தின் இரு புறங்களில் நிற்கும் காட்சி அது. எழுதப்பட்ட ஆணையின் செயல் அமல் ஆயிற்று. எழுதப்படாத வழக்கின் செயல் மாமூல் ஆயிற்று.

7. ஆவண வாசிப்பிற்கு இதன் பயன்

இப்பொருள் வரலாறு ஆய்வாளர்க்கு நடைமுறைப் பயனுடையது. 18, 19ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளிலும் மனுக்களிலும் மாமூல் என்னும் சொல்லைக் காணும் ஆய்வாளர், அதனை இன்றைய பொருளில் கொண்டால் ஊர்ப்பணியாளரின் உரிமைப்பங்கு ஊழலாகவும், உழவரின் உரிமைக் கோரிக்கை முறைகேட்டிற்கான வேண்டுகோளாகவும் திரிந்துவிடும். மாறாக, எல்லா இடத்திலும் வழக்காறு என்று மட்டும் பொருள் கொண்டால், வழக்காற்றின் பெயரால் நடந்த பறிப்பு மறைந்துவிடும். ஆவணத்தின் காலம், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு, பெறுபவருக்கு அரசு ஊதியம் இருந்ததா என்பது ஆகிய மூன்றையும் வினவியே பொருள் துணிதல் வேண்டும். அமல், தாசில், மகசூல் ஆகிய சொற்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

சொல் மாற்றீட்டிலும் கவனம் தேவை. நிலப்பத்திரங்களைத் தூய தமிழில் எழுதும் முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயின் மாமூல் தடம் என்பதை ‘பாதை’ என்று மட்டும் எழுதினால், நெடுங்கால அனுபோகம் என்னும் சட்டக்கூறு நழுவிவிடும். ‘வழக்காற்று வழியுரிமை’ என்பது போன்ற தொடரே அப்பொருளை முழுமையாகத் தாங்கும். தோட்ட நிலங்கள் வேகமாக வீட்டுமனைகளாகிவரும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுச் சூழலில், பழைய தடங்கள் வரைபடத்தில் இல்லாதவையாதலால் இவ்வேறுபாடு ஒரு குடும்பம் தன் நிலத்தை அடைய இயலுமா என்பதையே முடிவுசெய்யக்கூடும்.

முடிவுரை

ஐன்-மீம்-லாம் வேரின் மூன்று கிளைகளும் கொங்கு நாட்டில் ஒரே நிர்வாக மரபின் வழியாக வேரூன்றின. ஆட்சி மாற்றத்தால் அமில்தார் தாசில்தாருக்கு இடம்விட்டு நீங்கியது. எழுத்துச் சட்டத்தின் வலிமையால் அமல் அரசின் சொல்லாயிற்று. ஊதியமுறை மாற்றத்தால் மாமூல் உரிமையின் எல்லையிலிருந்து குற்றத்தின் எல்லைக்குள் தள்ளப்பட்டது. எனினும் கிரயப் பத்திரத்தின் தடபாத்தியத்தில் அதன் பழம்பொருளும், சமய வழக்கில் அமலின் மூலப்பொருளும் அழியாமல் உள்ளன. ஒரு சொல்லின் இழிபு, அதைப் பேசிய மக்களின் ஒழுக்க இழிபுக்குச் சான்றாகாது. அம்மக்களின் வழக்காறுகளை அரசு எந்த ஏட்டில் பதிந்தது, எந்த ஏட்டிலிருந்து நீக்கியது என்பதற்கே அது சான்று. வருவாய்த்துறைச் சொற்களின் வரலாற்றை இக்கோணத்தில் வட்டாரந்தோறும் ஆராய்வது, தமிழ்ச் சொற்பொருளியலுக்கும் உழவர் உரிமை வரலாற்றிற்கும் ஒருங்கே வளம் சேர்க்கும்.